புகாரின் மறுமுனை

2020 மே 4 அன்று புலிட்சர் பரிசுக் குழு ஒரு சிறப்பு விருதை அறிவித்தது. விருதுக்குரியவர் இறந்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐடா பி. வெல்ஸ் என்ற அந்தக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஒரு கேள்வியை விடாமல் துருவியவர். வெள்ளைக்காரப் பெண்களின் மானத்தைக் காக்கிறோம் என்று சொல்லி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடத்தப்பட்ட கும்பல் கொலைகளுக்கு உண்மையான காரணம் என்ன என்பதே அந்தக் கேள்வி.

மூன்று வாரம் கழித்து, மே 25 காலையில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அந்தக் கேள்வி உயிரோடு வந்து நின்றது. மரங்கள் அடர்ந்த ராம்பிள் பகுதி பறவை பார்ப்பவர்கள் கூடும் இடம். அங்கே நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பது விதி. அவிழ்த்துவிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், பறவை பார்க்க வந்திருந்த கறுப்பினத்தவர் ஒருவர் நாயைக் கட்டச் சொன்னார். பேச்சு முற்றியதும் செல்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரியும். போலீஸுக்குப் போன் செய்து, ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் தன் உயிருக்கு அச்சுறுத்தலாக நிற்கிறார் என்று சொல்லப்போவதாக அந்தப் பெண் முதலில் அவரிடமே அறிவிக்கிறார். அப்போது குரலில் கோபம் மட்டுமே இருக்கிறது. எண்ணை அழுத்தி, அதே வாக்கியத்தை மறுமுனைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது குரல் ஏறி உடைந்து அலறலாகிறது. இடையில் கழுத்துப்பட்டையில் தொங்கியபடி நாய் திணறுகிறது.

கேட்பவருக்கு எந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துதான் அந்தப் பெண் பேசினார். அன்று மாலையே மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அதைப் படம் பிடித்த 17 வயதுப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு புலிட்சரின் சிறப்பு விருது கிடைத்தது. காலையில் வந்த மிரட்டல் எதை நம்பி வந்தது என்பதை மாலையில் நடந்த கொலை விளக்கிவிட்டது.

சென்ட்ரல் பார்க் பெண்ணுக்கு இணையம் சூட்டிய பெயர் கேரன். அது புதுப் பெயரும் அல்ல. கடைகளில் கவுன்டருக்குப் பின்னால் நின்று வேலை செய்பவர்கள், அற்ப விஷயத்துக்கெல்லாம் ‘மேனேஜரைக் கூப்பிடு’ என்று சத்தம் போடும் நடுத்தர வயது வாடிக்கையாளரைக் கேலி செய்ய அதை வைத்திருந்தார்கள். தலைமுடி வெட்டிலிருந்து கறுப்புக் கண்ணாடி வரை அவருக்கு ஓர் உருவமும் இருந்தது. 1965ல் அமெரிக்கப் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் மூன்றாம் இடத்தில் இருந்தது கேரன். அந்தத் தலைமுறை நடுத்தர வயதைத் தாண்டும் நேரத்தில் பெயரே பட்டப்பெயராகிப்போனது. மேனேஜரைக் கூப்பிடுபவரும் போலீஸைக் கூப்பிடுபவரும் ஒரே பெயருக்குள் வந்தது தற்செயல் இல்லை. தன் புகாரை மேலிடம் நம்பும், எதிரில் இருப்பவர் சொல்வது எடுபடாது என்ற உறுதிதான் இருவருக்கும் பொது.

இந்த உறுதிக்கு வயது அதிகம். அடிமை முறைக் காலத்திலேயே, அதிகாரம் காட்டும் வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் ‘மிஸ் ஆன்’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அடிமைகளை வைத்து வேலை வாங்கியது ஆண்கள், வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள் என்றொரு கதை வெகுகாலம் ஓடியது. வரலாற்றாய்வாளர் ஸ்டெஃபனி ஜோன்ஸ் ரோஜர்ஸ் 2019ல் வெளியிட்ட நூல் அதை உடைத்தது. அடிமையாக இருந்தவர்கள் பின்னாளில் கொடுத்த வாக்குமூலங்களையும் பழைய ஆவணங்களையும் வைத்து, வெள்ளைக்காரப் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் அடிமைகளை வாங்கினார்கள், விற்றார்கள், தண்டித்தார்கள் என்று அவர் காட்டினார். மணமானதும் பெண்ணின் சொத்து கணவனுக்குப் போய்விடும் என்றிருந்த சட்டத்தையும் தாண்டி, தங்கள் பெயரில் தக்கவைத்துக்கொண்ட சொத்து அது.

அடிமை முறை ஒழிந்த பிறகு அந்த அதிகாரம் வேறு வேடம் போட்டது. 1892 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் மூன்று கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துச்சென்று சுட்டுக் கொன்றார்கள். மூவரும் ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்ற மளிகைக் கடையைச் சேர்ந்தவர்கள். எதிரில் கடை வைத்திருந்த வெள்ளைக்காரரின் வியாபாரம் படுத்துவிட்டது. விவகாரத்தின் வேர் அதுதான். கொல்லப்பட்ட தாமஸ் மாஸ் வெல்ஸின் நெருங்கிய நண்பர். கும்பல் கொலை என்றால் ஏதோ பெண் விவகாரமாக இருக்கும் என்று அதுவரை அரைமனதாக நம்பியிருந்த வெல்ஸ், கணக்கெடுக்க ஆரம்பித்தார். வெள்ளையர்களின் பத்திரிகைகள் வெளியிட்ட எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டார், எதிர்த்தரப்பு மறுக்க முடியாது என்பதற்காக. பலாத்காரக் குற்றச்சாட்டு என்ற பேச்சாவது எழுந்தது மூன்றில் ஒரு பங்குக் கொலைகளில்தான் என்று தெரிந்தது. அந்தக் குற்றச்சாட்டுகளிலும் பல, இருவரும் விரும்பிய உறவை மறைக்கச் சொன்ன பொய் என்று மே மாதம் அவர் தலையங்கம் எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அச்சகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் மிஞ்சாது என்று செய்தியும் அனுப்பினார்கள். அவர் நியூயார்க்கில் இருந்தபடி எழுதினார்.

1931 மார்ச் 25 அன்று வெல்ஸ் சிகாகோவில் காலமானார். அதே நாளில், அலபாமாவில் சரக்கு ரயிலில் ஏறிப் பயணம் செய்த ஒன்பது கறுப்பினப் பையன்களைப் போலீஸ் பிடித்தது. ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இவர்கள் எங்களைப் பலாத்காரம் செய்தார்கள் என்று சொன்னார்கள். இரண்டே வாரத்தில் வழக்கு முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று வரலாற்றில் பெயர்பெற்றது இதுதான்.

புகார் சொன்ன இரண்டு பெண்களும் யார் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. இருவரும் ஹன்ட்ஸ்வில் ஊரின் பஞ்சாலைக் கூலிகள். டிக்கெட் இல்லாமல் சரக்கு ரயிலில் ஏறியவர்கள். அன்று அவர்கள் மீதே வழக்குப் பாய்ந்திருக்கலாம். ஊரின் பெரிய மனிதர்கள் அதுவரை அவர்களை வாசற்படி ஏற்றியிருக்க மாட்டார்கள். அந்தப் புகாரைச் சொன்ன நிமிடத்தில் இருவரும் ‘தென்னாட்டின் மகளிர்’ ஆனார்கள். ஒரு மாநிலமே அவர்கள் மானத்துக்காக எழுந்து நின்றது.

இரண்டாண்டு கழித்து அவர்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் நீதிமன்றத்துக்கு வந்து, அப்படி எதுவுமே நடக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று எதிர்த்தரப்பின் சாட்சியாக நின்றார். அரசு வழக்கறிஞர் அவர் போட்டிருந்த புதுக் கோட்டும் தொப்பியும் யார் வாங்கிக் கொடுத்தது என்று குடைந்தார். ஜூரிகள் அவர் பேச்சைத் தள்ளிவிட்டு மறுபடியும் மரண தண்டனை கொடுத்தார்கள். சாட்சியத்தை அலசிப் பார்த்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவி இழந்தார். பையன்களில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆனால் ஆளாளுக்கு ஆண்டுக்கணக்கில் சிறையில் கழிந்தது. கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013ல், அவர்கள் இறந்த பிறகு.

இணைய மீம்கள் தொடாத உண்மை இங்கே இருக்கிறது. ரூபி பேட்ஸ் பொய் சொன்னபோது நம்பியவர்கள், உண்மை சொன்னபோது நம்பவில்லை. அவர் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு இரவல் நகை. உடைமைக்காரர்களுக்கு உதவும்வரை கழுத்தில் இருந்தது, உதவாதபோது கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நீதிபதி, ஷெரீஃப், ஜூரி, பத்திரிகை ஆசிரியர் என்று உடைமைக்காரர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1921ல் ஓக்லஹோமாவின் டல்சாவில் இது இன்னும் அப்பட்டம். லிஃப்டில் ஒரு கறுப்பின இளைஞருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் இடையே என்ன நடந்தது என்பது தெளிவாகும் முன்பே மாலைப் பத்திரிகை செய்தி போட்டது. மறுநாள் முடிவதற்குள் 35 தெருக்கட்டங்கள் கொண்ட கிரீன்வுட், கறுப்பின வணிகர்கள் உருவாக்கிய செல்வச் செழிப்பான பகுதி, சாம்பலானது. அந்தப் பெண் வழக்கை நடத்த விரும்பவே இல்லை. இளைஞர் மீதான வழக்கு பிறகு கைவிடப்பட்டது. மளிகைக் கடையோ கிரீன்வுட்டோ, அழிந்ததையும் அழித்தவர்களையும் வைத்துப் பார்த்தால் மானத்தைவிடச் சொத்துதான் கண்ணை உறுத்தியது.

இதை உணர்ந்த வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். 1930ல் ஜெஸ்ஸி டேனியல் ஏம்ஸ், கும்பல் கொலைகளைத் தடுப்பதற்கான தென்மாநிலப் பெண்கள் சங்கத்தை அட்லாண்டாவில் தொடங்கினார். எங்கள் பெயரைச் சொல்லிக் கொலை செய்யாதீர்கள் என்பதுதான் அவர்களின் உறுதிமொழி. 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் கையெழுத்திட்டார்கள். ஆனால் கும்பல் கொலைக்கு எதிராக மத்திய அரசு சட்டம் கொண்டுவர முயன்றபோது ஏம்ஸ் அதை எதிர்த்தார், மாநிலங்களின் விவகாரத்தில் வாஷிங்டன் தலையிடக் கூடாது என்று. நகையை வேண்டாமென்று சொல்ல முடிந்தவரால் உடைமைக்காரர்களின் வீட்டை விட்டு வெளியேற முடியவில்லை. அப்படி ஒரு சட்டம் நிறைவேற 2022 வரை ஆனது. அதற்கு வைத்த பெயர் எமெட் டில். 1955ல் மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூரில், கடைக்காரப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று அவர் கணவரும் கணவரின் சகோதரரும் கொன்ற 14 வயதுப் பையன். ஜூரிகள் 67 நிமிடத்தில் இருவரையும் விடுதலை செய்தார்கள். சில மாதம் கழித்து, கொன்றது நாங்கள்தான் என்று ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு இருவரும் கதை சொன்னார்கள்.

பெண்ணின் மானத்தை முன்னால் நிறுத்தும் இந்தப் பழக்கம் அமெரிக்காவின் தனிச்சொத்து அல்ல. 1883ல் கல்கத்தாவில் இல்பர்ட் மசோதா வந்தது. மாவட்டங்களில் இருக்கும் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர்கள் மீதான குற்ற வழக்கை விசாரிக்கலாம் என்பது அதன் சாரம். எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் தேயிலை, அவுரித் தோட்ட முதலாளிகள். கூலிகளை அடித்ததற்கும் கொன்றதற்கும் ஒரு இந்தியர் முன் கூண்டில் நிற்க வேண்டிவரும் என்பது அவர்கள் கவலை. மேடையில் பேசியதோ ஆங்கிலேயப் பெண்களின் மானத்தைப் பற்றி. இந்தியப் பெண்களின் கல்விக்காகவே 1872ல் கப்பலேறி வந்து, கல்கத்தாவில் பள்ளி நடத்திய அன்னெட் அக்ராய்டும் மசோதாவை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தங்கள் வீட்டுப் பெண்களை அடக்கி வைத்திருக்கும் ஆண்கள் எங்களுக்கு எப்படி நீதி சொல்வார்கள் என்பது அவர் வாதம். பெண்ணுரிமைப் பேச்சு இனத்திமிருக்கு முட்டுக்கொடுத்த இடம் அது. நீதிபதியாக இருந்த அவர் கணவர் ஹென்றி பெவரிட்ஜ் மசோதாவின் பக்கம் நின்றார் என்பது வேடிக்கை. 1884ல் சட்டம் வந்தபோது, ஐரோப்பியக் குற்றவாளி கேட்டால் பாதி ஜூரியாவது அவர் இனத்தவராக இருக்க வேண்டும் என்று நீர்த்துப்போயிருந்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் நீதிபதியானதை ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் இளக்காரம் செய்தன. அதற்குப் பதில் சொல்லத்தான் ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களும் ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். யார் சொல்வதை யார் விசாரிப்பது என்ற கேள்வி அங்கும் இங்கும் ஒன்றாகவே இருந்தது.

அமெரிக்காவில் புகார் சொல்வது 1968ல் இன்னும் எளிதானது. 911 என்ற அவசர எண்ணுக்கு முதல் அழைப்பு அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் ஊரில் நடந்தது. நகராட்சி அலுவலகத்திலிருந்து மாநில சட்டமன்ற சபாநாயகர் எண்ணைச் சுழற்ற, காவல் நிலையத்தில் இருந்த சிவப்பு போனை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எடுத்தார். அவர் பக்கத்தில் நின்றவர் புல் கானர். ஐந்தாண்டு முன்பு பர்மிங்காமில், உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய அதே அதிகாரி, அப்போது மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தில் பதவியில் இருந்தார். அவசர எண் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த முதல் அழைப்பின் மறுமுனையில் யார் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

2018ல் நடந்தவற்றை இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஏப்ரலில் ஓக்லண்டின் மெரிட் ஏரிக்கரையில் கறுப்பினத்தவர்கள் சிலர் கரி அடுப்பில் இறைச்சி சுட்டார்கள். அந்த இடத்தில் கரி அடுப்பு கூடாது என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீஸைக் கூப்பிட்டார். ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் எட்டு வயதுச் சிறுமி தண்ணீர் பாட்டில் விற்றதற்கு, லைசென்ஸ் இல்லை என்று போலீஸை அழைப்பதாக இன்னொருவர் மிரட்டினார். அக்டோபரில் புரூக்ளின் மளிகைக் கடையில் ஒன்பது வயதுப் பையன் தன்னைத் தகாத முறையில் தொட்டான் என்று ஒரு பெண் போலீஸுக்குப் போன் செய்தார். கடையின் கேமராப் பதிவில் தெரிந்தது இதுதான்: பையன் அம்மாவின் பின்னால் போகிறான், முதுகுப் பை அந்தப் பெண்மீது உரசுகிறது. எமெட் டில் போன கடையில் இப்படி ஒரு கேமரா இருந்திருந்தால் என்று யாருக்கும் தோன்றாமல் இருக்காது.

ஓக்லண்ட் பெண் காதில் போனை வைத்து நிற்கும் படத்தை வெட்டி எடுத்து, ஒபாமாவின் பக்கத்திலும் மார்ட்டின் லூதர் கிங்கின் பக்கத்திலும் ஒட்டினார்கள். மூன்று வாரத்தில் அதே ஏரிக்கரையில் ஆயிரக்கணக்கானோர் அடுப்பு மூட்டி விழா கொண்டாடினார்கள். வெள்ளைக்காரப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாலே உயிர் போகும் என்றிருந்த நாட்டில், அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க முடிவது சாதாரண மாற்றமா? மிஸ் ஆன் என்று அடுக்களையில் முணுமுணுத்த சிரிப்பு நடுத்தெருவுக்கு வந்த நாள் அது. அந்தச் சிரிப்பை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது.

சிக்கல், அந்தச் சிரிப்பு போய் நின்ற இடத்தில். கேரன் என்ற பெயர் பரவப் பரவ, இனம் அதிலிருந்து உதிர்ந்தது. 2020ல் முகக்கவசம் போட மறுத்த பெண்ணும் கேரன், போடச் சொன்ன பெண்ணும் கேரன். நியாயமான குறையைச் சொல்லும் பெண்ணின் வாயை அடைக்கவும் அதே பெயர் போதும் என்றானது. ஆண்கள் இதே வேலையைச் செய்தபோது கென் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கோபப்படும் பெண்ணைக் கேலி செய்வதற்கு எந்த ஊரிலும் கூடுதல் ஆதரவு உண்டு. பெண் என்பதால் ஒரு கையில் கொடுத்த நம்பிக்கையை, பெண் என்பதாலேயே மறு கையில் பறிக்கும் பழைய வழக்கம் மீம் வடிவில் திரும்பி வந்தது.

நிறுவனங்களுக்கு இது வசதியாகிவிட்டது. 2018 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவின் ஸ்டார்பக்ஸ் கடையில் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை, எதுவும் வாங்கவில்லை என்று மேனேஜர் போலீஸை அழைத்துக் கைது செய்ய வைத்தார். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஒரு பிற்பகல் 8,000 கடைகளை மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. எதுவும் வாங்காமலும் உட்காரலாம் என்று விதியை மாற்றியது. அந்த வட்டாரத்தைக் கவனித்துவந்த வெள்ளைக்காரப் பெண் அதிகாரி ஒருவரை வேலையை விட்டு நீக்கியது. போலீஸைக் கூப்பிட்டவர் அவர் இல்லை. தன் இனத்தைக் காரணமாக வைத்துப் பலிகொடுத்தார்கள் என்று அவர் தொடுத்த வழக்கில் ஜூரிகள் 2023ல் 2.56 கோடி டாலர் இழப்பீடு விதித்தார்கள். 2025 ஜனவரியில் கம்பெனி அந்த விதியையும் திரும்பப் பெற்றது. காட்டுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது, காட்டியாகிவிட்டது. விதி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சட்டங்களும் இதே பாதையில்தான் போயின. ஓரிகன் மாநிலத்தில் வீடு வீடாக வாக்குக் கேட்டுப்போன கறுப்பின சட்டமன்ற உறுப்பினர் ஜனெல் பைனம் மீதே ஒருவர் போலீஸை அழைத்தார். அதன் விளைவாக 2019ல் வந்த சட்டப்படி, இனவெறியால் போலீஸை அழைத்தவர்மீது பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு 250 டாலர் வரை பெறலாம். 2020ல் நியூயார்க் மாநிலமும் இத்தகைய அழைப்பைச் சிவில் உரிமை மீறலாக்கியது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ கொண்டுவந்த சட்டத்துக்கு, ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் சேர்ந்தால் கேரன் என்று ஒலிக்கும்படி பெயர் வைத்தார்கள். மூன்றும் தேவையான சட்டங்கள். மூன்றும் போன் செய்தவரைக் கேள்வி கேட்கின்றன. அழைப்பை எடுத்தவர் என்ன கேட்டார், வண்டியில் வந்து இறங்கியவர் யாரை முதலில் சுவரோரம் நிறுத்தினார் என்பவை அவற்றின் கண்ணில் படவில்லை.

சென்ட்ரல் பார்க்கில் படம் பிடித்தவர் இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டார். அந்தப் பெண்மீது அரசு வழக்குப் போட்டபோது ஒத்துழைக்க மறுத்தார். வேலையும் பேரும் போனது போதும் என்றார். ஒரு பெண்ணைத் தண்டித்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவதற்கு இது வழியாகிவிடும் என்ற பொருளில் பத்திரிகையில் எழுதினார். 2021 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அவர் மன்னித்தது சரியா தப்பா என்று வாதாடினார்கள். அவர் சுட்டிய திசையைப் பார்த்தவர்கள் குறைவு.

இன்னும் சில ஆண்டுகளில் கேரன் என்ற கேலியும் மிஸ் ஆன் போலப் பழசாகிவிடும், அடுத்த தலைமுறை வேறு பெயர் வைக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது, புகாரை எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வியைப் பற்றி. ஆள் யார், எப்படி இருக்கிறார் என்று தொடங்கும் விசாரணையில் புகார் சொன்னவரின் அச்சமே சாட்சியாகிவிடுகிறது. அந்த ஆள் என்ன செய்தார் என்று தொடங்கினால், அடுப்பு மூட்டினார், தண்ணீர் விற்றார், நாயைக் கட்டச் சொன்னார் என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். 1892ல் வெல்ஸ் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு கொலைக்கும் பின்னால் கொல்லப்பட்டவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் கம்பெனியும் தங்கள் ஆட்களிடம் கேட்கத் தொடங்கினால், மேனேஜரைக் கூப்பிடுபவரின் சத்தம் வெறும் சத்தமாகவே முடிந்துபோகும்.